‘பாராட்டுக’ என்றொரு கட்டளை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் 11 ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். சித்திரை வெயில், சிவப்பு மை, கட்டுக்கட்டாகத் தாள்கள், கைக்கெட்டும் இடத்தில் விடைக்குறிப்பு. அதை நாங்கள் ‘கீ’ என்போம். பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்லும் வினாவுக்கு வந்ததும் கை தானாக ஓடத் தொடங்கிவிடும். விடையைப் படிக்கவே வேண்டாம். முன்னுரை, திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை நயம், எதுகை நயம், அணி நயம், சுவை நயம், முடிவுரை. தலைப்புகளுக்கு அடிக்கோடு இருக்கிறதா, மோனையை யானையோடும் எதுகையை வைகையோடும் சேர்த்துச் சொல்லும் அந்த வாய்பாட்டு வரிகள் இருக்கின்றனவா, பாட்டிலிருந்து நாலு சொற்களை எடுத்து முதலெழுத்தையும் இரண்டாம் எழுத்தையும் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவோம். கேட்கப்பட்ட பாட்டு மழையைப் பற்றியதா, மரணத்தைப் பற்றியதா என்று விடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஊர்த் தாளாக இருந்தாலும் அதே வரிகள், அதே வரிசை.

ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அந்த ஆண்டுப் பாட்டு மழையின் அழகைப் பற்றியது. தலைப்பு எதுவும் இல்லாமல் ஆறேழு வரிகள் எழுதியிருந்தது ஒரு பிள்ளை. இதை எழுதியவர் மழையை மாடியிலிருந்து பார்த்திருக்கிறார், எங்கள் வீட்டில் மழை வந்தால் முதலில் பாயைச் சுருட்டுவோம், அப்புறம் அரிசிச் சாக்கைப் பரணில் ஏற்றுவோம், ஆகவே இந்தப் பாட்டில் பெய்வது எங்கள் மழை இல்லை என்பது அதன் சாரம். மோனை இல்லை, எதுகை இல்லை, திரண்ட கருத்து இல்லை. 1 மதிப்பெண் போட்டேன். முதன்மைத் தேர்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், “கீயில என்ன இருக்கோ அதைப் பார்த்துப் போடுங்க ஐயா” என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நான் கேட்கவே இல்லை.

அந்தத் தாளில் பெயர் கிடையாது. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அன்று என் மேசையில் இருந்த கட்டில், பாட்டை மெய்யாகவே படித்திருந்த ஒரே பிள்ளை அதுதான். பாட்டுக்குள் பேசுகிறவர் எங்கே நின்றுகொண்டு பேசுகிறார் என்று கண்டுபிடிப்பது கவிதைத் திறனாய்வின் முதற்படி. அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தப் பிள்ளை செய்திருந்தது. அதற்குத்தான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

நம் செய்யுள் வகுப்பு பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்குகிறது. தமிழ் சோறு போட்டு வளர்த்தவன் நான். அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்.

வினாவில் இருக்கும் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘ஆராய்க’ இல்லை, ‘மதிப்பிடுக’ இல்லை. ‘பாராட்டுக’. பாட்டைப் படிப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. பிள்ளையின் வேலை அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி தேடுவது மட்டும். பக்கத்து வகுப்பில் அறிவியல் ஆசிரியர் எலுமிச்சைச் சாற்றில் லிட்மஸ் தாளை நனைக்கச் சொல்லி, என்ன கண்டாய் என்று கேட்கிறார். கண்டதை எழுதினால் மதிப்பெண். தமிழ் வகுப்பில் கண்டதை எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பாட்டு தன்னைத் தொடவில்லை என்று சொல்ல அங்கே இடமே கிடையாது. ஆகவே தொட்டதாக எழுதுகிறார்கள். ‘படிக்குந்தோறும் இன்பம் பெருகுகிறது’ என்று ஒரு பதினைந்து வயதுப் பையன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறான்.

இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. உணராத வியப்பை உணர்ந்ததாக எழுதுவதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பயிற்சி கொடுக்கிறோம். அந்தப் பயிற்சி பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடாது. தலைவர் பிறந்தநாள் சுவரொட்டியில், சாமியாரின் மேடையில், மேலதிகாரியின் அறையில் அது கைகொடுக்கிறது. புகழ்மொழிகளின் பட்டியல் ஏற்கெனவே மனப்பாடம். ஆளை மாற்றினால் போதும். பொய்யைக் கண்டிக்கும் குறள்களை அடிமாறாமல் எழுத வைத்துவிட்டு, அடுத்த வினாவிலேயே பொய்யெழுதச் சொல்கிறோம்.

இன்னொரு வழக்கம். பாட்டுக்கு முன்னால் ஆள் வந்துவிடுகிறார். ஆசிரியர் குறிப்பு, நூல் குறிப்பு, பிறந்த ஊர், பெற்றோர் பெயர், சிறப்புப் பெயர், பெற்ற விருது. ‘கவிச்சக்கரவர்த்தி’ என்று ஒருமுறை படித்த பிறகு, அவர் பாட்டில் ஓர் அடி தொய்கிறது என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? யார் வாயில் கேட்டாலும் சொன்ன பொருளின் மெய்யைத் தேடு என்று சொல்லும் 423ஆம் குறளையும் இதே வகுப்பில்தான் நடத்துகிறோம். அதை நடத்தும்போதும் முதலில் சொல்வது வள்ளுவரின் பெருமையை.

கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுப் பாடல்களை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். 13 பாடல்களுக்கு வந்த கருத்துகளை 1929இல் ஒரு நூலாக வெளியிட்டார். பெருங்கவிஞர்களின் பாடல்களைப் பலர் ஒதுக்கியிருந்தார்கள். பேர் தெரியாதவர்களின் சுமாரான பாடல்களை மெச்சியிருந்தார்கள். அந்த மாணவர்கள் மட்டமானவர்கள் என்று சிலர் இதற்குப் பொருள் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெயரின் துணை இல்லாமல் படிக்க யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை, பெயரை எடுத்ததும் கால் தடுமாறியது. உலகின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றிலேயே அப்படி என்றால், நம் பிள்ளைகளை என்ன சொல்ல? ரிச்சர்ட்ஸ் செய்த நல்ல காரியம், அந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் அச்சில் போட்டது.

நமக்கு இந்தச் சோதனைக்குக் கேம்பிரிட்ஜ் வரை போக வேண்டியதே இல்லை. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள், எழுதியவர் பெயர் கிடைக்காதபோது பாட்டில் இருந்த உவமையையே புலவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். இவர்களுக்குப் பிறந்த ஊர் இல்லை, சாதி இல்லை, பட்டம் இல்லை, பெற்ற பரிசில் இல்லை. செம்மண்ணில் விழுந்த மழைநீர், அணில் விளையாடும் முற்றம், புரி தேய்ந்த பழைய கயிறு. அவ்வளவுதான் அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது. பாட்டு நன்றாக இருந்ததைத் தவிர அவற்றைக் காப்பாற்றி வைக்க வேறு காரணமே இருந்திருக்க முடியாது. இவ்வளவு நேர்மையான ஒரு தொகுப்பு மரபை வைத்துக்கொண்டு, ஆசிரியர் குறிப்பை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

இந்த இடத்தில் யாப்புக்காக ஒன்று சொல்ல வேண்டும். செய்யுள் வகுப்பின் குறைகளைப் பேசும் எல்லாரும் முதலில் அடிப்பது அலகிடுதலைத்தான். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று உயிரில்லாத வாய்பாட்டைத் திணிக்கிறார்கள் என்பார்கள். என் அனுபவம் நேர்மாறானது. தமிழ் வகுப்பில் ஆசிரியர் தவறு என்று மாணவன் எழுந்து நின்று சொல்லி, அதை மெய்ப்பித்துவிட்டு உட்காரக்கூடிய ஒரே இடம் அலகிடுதல்தான். என்னை அப்படி இரண்டு முறை திருத்தியிருக்கிறார்கள். குற்றியலுகரத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். பலகையில் வந்து அசை பிரித்துக் காட்டினான் பையன். வகுப்பே பார்த்தது. அங்கே அதிகாரம் என்னிடம் இல்லை, விதியிடம் இருந்தது, விதி எல்லார் கையிலும் இருந்தது. பொருள் சொல்லும்போதுதான் நாங்கள் பூசாரிகள் ஆகிவிடுகிறோம்.

நான் பூசாரியாக நின்ற ஒரு நாளைச் சொல்கிறேன்.

பிளஸ் ஒன் வகுப்பு. சங்க காலப் பெண்பாற் புலவர்களைப் பற்றிய பாடத்தை ஒட்டி, புத்தகத்துக்கு வெளியிலிருந்து புறநானூற்றின் 246ஆம் பாடலை எடுத்துப் போனேன். பூதப்பாண்டியன் இறந்துவிட்டான். அவன் தேவி பெருங்கோப்பெண்டு சிதையில் இறங்கப் போகிறாள். சான்றோர் பலர் தடுக்கிறார்கள். அவர்களிடம் அவள் சொல்லும் விடைதான் பாட்டு. என் ஆசிரியர் எனக்கு எப்படி நடத்தினாரோ அப்படியே நடத்தினேன். கணவன் மேல் கொண்ட காதலின் ஆழம், நெருப்பும் தாமரைப் பொய்கையும் அவளுக்கு ஒன்றாகிப்போன திண்மை. பலகையில் ‘கற்பின் மேன்மை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “ஐயா, சாகப் போறப்ப சாப்பாட்டைப் பத்தி ஏன் சொல்றாங்க?”

“கைம்பெண்கள் எப்படி இருந்தாங்கன்னு காட்டுறதுக்கும்மா.”

“எங்க அப்பத்தாவோட அம்மா அப்படித்தான் இருந்தாங்களாம் ஐயா. ஒரு வேளைதான் சோறாம். நெய், எண்ணெய் எதுவும் படக் கூடாதாம். பாயில படுக்கக் கூடாதாம். அப்பத்தா சொல்லிச் சொல்லி அழும்.”

“சரிம்மா, அது பரீட்சைக்கு வராது. உட்காரு” என்றேன். உட்கார்ந்தாள்.

அன்றிரவு அந்தப் பாட்டைத் திரும்ப எடுத்தேன். அவள் கேட்டது சரியான கேள்வி. கணவனைப் பற்றி அந்தப் பாட்டில் இருப்பது ஏறத்தாழ ஓர் அடி. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஐந்தாறு அடிகள். நெய் தொடாத சோறு, அதுவும் இலைக்கு நடுவே கையால் பிழிந்து வைத்த கவளம். வெள்ளெள்ளை அரைத்த துவையல். புளி ஊற்றி வேகவைத்த வேளைக் கீரை. பாய் இல்லாமல் பரல் கற்களின் மேல் படுக்கை. ஓர் அரசி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாள் என்றால், அரண்மனைக்குள்ளேயே அத்தை முறையிலோ பாட்டி முறையிலோ யாரோ ஒருத்தி அப்படி உண்டு, அப்படிப் படுத்ததை நாள்தோறும் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட பெண்கள் நாங்கள் அல்லர் என்று அவள் பன்மையில் பேசுகிறாள். அந்த ‘நாங்கள்’ அரசிக்குரிய பெருமிதமா, இல்லை வேறு பெண்களையும் சேர்த்துக்கொள்கிறாளா? இதற்கு எந்தக் கீயிலும் விடை கிடையாது. வகுப்பறை பேச வேண்டிய கேள்வி அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சான்றோர் நல்லதைத்தானே சொன்னார்கள்? சாகாதே என்றுதானே சொன்னார்கள்? அதைப் போய்ப் பொல்லாத சூழ்ச்சி என்கிறாளே, ஏன்? அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள், வாழ்வைக் கொடுக்கவில்லை. ‘இரு, நெய்ச்சோறு உண், பாயில் படு, வேண்டுமானால் மறுபடி மணந்துகொள்’ என்று ஒரு சான்றோர்கூடச் சொல்லவில்லை. நெருப்பா, பரல் கல்லா என்று இரண்டு தண்டனைகளை வைத்துவிட்டு அவளைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன ஊர் அது. நாங்கள் அவள் தேர்ந்தெடுத்ததைப் பாராட்டினோம். தேர்வுத் தாளில் ‘கற்பின் மேன்மையை விளக்குக’ என்று வினாவாக்கினோம். பாட்டுக்குள் அவள் அடுக்கிவைத்த குற்றப்பட்டியலை மட்டும் படிக்காமல் தாண்டினோம்.

1987இல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் 18 வயதுப் பெண் ஒருத்தி கணவனின் சிதையில் எரிந்தாள். அதற்குப் பிறகு அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடி அவளைப் போற்றி முழங்கினார்கள். அதன் பின் வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம், சதியைச் செய்விப்பதை மட்டுமல்ல, அதைப் போற்றுவதையும் குற்றமாக்கியது. பாராட்டு வெறும் வாய்ச்சொல் இல்லை, அடுத்த சிதைக்கு அது விறகு என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒரு தமிழ் வகுப்பில் பலகையில் எழுதி அடிக்கோடு போட்ட எனக்கு அது புரிந்திருக்கவில்லை. பெருங்கோப்பெண்டின் பாட்டு பாடப்பட வேண்டியது, நடத்தப்பட வேண்டியது. ஆனால் அதைச் சான்றோர் பக்கம் நின்று நடத்தக் கூடாது.

போர்க்களப் பாடல்களிலும் இதையே செய்கிறோம். புறநானூற்றின் 278ஆம் பாடலில் ஒரு முதியவள் மகனின் உடலைத் தேடிப் பிணங்களைப் புரட்டுகிறாள். அவன் புறமுதுகு காட்டவில்லை என்று தெரிந்ததும், பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். ‘வீரத்தாயின் பெருமை’ என்று எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் போர் எதற்காக நடந்தது, வென்றவன் அவளுக்கு என்ன கொடுத்தான், அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் நின்றிருக்கும் என்று எந்த வகுப்பும் கேட்பதில்லை.

நாம் மிக நேசிக்கும் பாட்டிடமும் இப்படிக் கேட்டாக வேண்டும். புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார். 13 அடிகள். அதில் முதல் அடியை மட்டும் பள்ளிச் சுவரில் எழுதுகிறோம், மேடையில் முழங்குகிறோம், பன்னாட்டு மன்றங்களுக்கும் எடுத்துப் போகிறோம். மிச்சம் 12 அடிகள் என்ன சொல்கின்றன? நன்மையும் தீமையும் பிறர் தர வருவதில்லை. உயிர், பேராற்று வெள்ளத்தில் அடித்துப் போகப்படும் தெப்பம் போல முறையின் வழியே போகிறது. இதை அறிந்தோம். ஆகவே பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை.

அந்த ‘ஆகவே’யைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் வகுப்பு நடத்தலாம். முடிவு மனித சமத்துவம். அதற்குக் கொடுக்கும் காரணமோ ஊழ். எல்லாம் வெள்ளத்தின் போக்கு என்றால் உயர்ந்தவன் தன் திறமையால் உயரவில்லை, தாழ்ந்தவன் தன் குற்றத்தால் தாழவில்லை, ஆகவே வியக்கவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். கட்டுக்கோப்பான வாதம். ஆனால் ஊழை ஏற்காத ஒருவர் இந்த முடிவை ஏற்க முடியுமா? ஏற்க முடியும் என்றால் வேறு என்ன காரணம் சொல்வார்? தீமை பிறர் தர வருவதில்லை என்ற அடியை, கூலியை மேஸ்திரி ஏமாற்றியதால் இரவு பட்டினி கிடந்துவிட்டு வகுப்புக்கு வந்த பிள்ளையிடம் நாம் எந்த முகத்தோடு சொல்வது? முடிவை ஏற்று காரணத்தை மறுக்கலாம், காரணத்தை ஏற்று முடிவை மறுக்க முடியாது என்பதை 14 வயதில் ஒரு பிள்ளை இந்தப் பாட்டின் வழியே கண்டுகொண்டால், அதைவிடப் பெரிய தர்க்கப் பாடம் வேறு எந்த வகுப்பிலும் கிடைக்காது. முதல் அடியோடு நிறுத்திக்கொள்வதால் இது எதுவும் நடக்காமல் போகிறது.

இப்படியெல்லாம் கேட்க விட்டால் பிள்ளைகளுக்கு மரபின்மேல் மதிப்புப் போய்விடும் என்று என்னோடு வேலை பார்த்த பலர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை உண்மையானது, எனக்கும் இருந்தது. ஆனால் மரபு எப்படிப் பிழைத்து வந்தது என்று பார்த்தால் கவலை குறையும். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரிடம், 25 வயது உ. வே. சாமிநாதையர் தான் கற்ற நூல்களையெல்லாம் அடுக்கினார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள். கேட்டவர் வியக்கவில்லை, பாராட்டவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்தைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் உறுத்தலில்தான் சீவக சிந்தாமணி 1887இல் அச்சானது. புறநானூறும் அதே வழியில் 1894இல் வந்தது. சிந்தாமணி சமண நூல். சைவரான அவர், விளங்காத இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சமணர் வீடுகளுக்குப் போனார். அன்று இராமசாமி முதலியார் நயம் பாராட்டிவிட்டு அனுப்பியிருந்தால் இன்று நம் பாடப்புத்தகத்தில் புறநானூறு இருந்திருக்குமா என்பதே ஐயம்.

உரையாசிரியர்களும் ஒருவருக்கொருவர் தலையாட்டியவர்கள் அல்லர். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பார்கள். பரிமேலழகர் தமக்கு முன்னால் பொருள் சொன்னவர்களைப் பல இடங்களில் மறுத்துக்கொண்டே போகிறார். அறத்துக்கு மனுநூலை அளவுகோலாக வைத்த அவரைப் பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். 1949இல் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டிய பெரியாரே, வள்ளுவர் பெண்களுக்கு வைத்த கற்பைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர்தான். போற்றுவதும் கேள்வி கேட்பதும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். புலவர் குழந்தை ஒரு பள்ளித் தமிழாசிரியர். இராமாயணத்தை மறுபக்கத்திலிருந்து படித்து, இராவண காவியம் எழுதி 1946இல் வெளியிட்டார். 1948இல் அரசு அதைத் தடைசெய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. ஒரு கவிதைக்கு இன்னொரு கவிதையால் விடை சொன்னதற்கு 23 ஆண்டுத் தடை. அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்க எனக்கு ஆசை.

என் பக்கத்தாரிடமும், பகுத்தறிவு பேசும் தோழர்களிடமும், ஒரு வார்த்தை. நாமும் குற்றமற்றவர்கள் இல்லை. ‘ஆபாசக் களஞ்சியம்’, ‘அடிமைக் குப்பை’ என்று ஒரே சொல்லில் ஒரு காப்பியத்தை மூடிவைப்பதும் பாராட்டு வினாவின் மறுபக்கம்தான். அங்கேயும் தீர்ப்பு முதலில் வருகிறது, படிப்பு வருவதே இல்லை. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்ற கட்சிக்காக அண்ணா வாதாடினார், சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும். எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, எந்த நூலையும். ஆனால் அந்த மேடைகளை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எரிக்க வேண்டும் என்றவர் அந்த நூலைக் கரைத்துக் குடித்திருந்தார். காக்க வேண்டும் என்ற பெரும்புலவர்கள் மேடைக்கு வந்து விடை சொன்னார்கள். கூடியிருந்த கூட்டம் இரண்டையும் கேட்டது. இன்று ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஒரே பாட்டை ஒருத்தி தாங்கியும் இன்னொருத்தி மறுத்தும் 40 நிமிடம் பேச இடம் இருக்கிறதா? பட்டிமன்றம் என்று கேட்காதீர்கள். கண்ணகியா மாதவியா என்பதில் யார் கற்பு உயர்ந்தது என்றுதான் அங்கே பேச முடியும். கற்பு என்ற அளவுகோலை யார் கொண்டுவந்தது என்று எழுந்து கேட்டால் மணியடித்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. வினாத்தாளில் ‘பாராட்டுக’ இருக்கும் இடத்தில் ‘இப்பாடலைப் பற்றி உன் கருத்தைப் பாட்டிலிருந்தே சான்று காட்டி எழுதுக, மறுத்தும் எழுதலாம்’ என்று போட வேண்டும். விடைக்குறிப்பில், சான்றுக்கு மதிப்பெண் என்று எழுத வேண்டும். தலைப்புக்கும் வாய்பாட்டுக்கும் மதிப்பெண் கூடாது. திருத்துகிறவர் அப்போது ஒவ்வொரு விடையையும் படித்தாக வேண்டும், நேரம் பிடிக்கும், ஒரு அமர்வுக்கு இத்தனை தாள் என்ற கணக்கு உடையும். உடையட்டும். ஆசிரியருக்குத் தெரியாத விடைகள் வரும் என்பதுதான் பலருக்கு உள்ளூர இருக்கும் அச்சம். எனக்கு இருந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் பெயர் போடாமல் ஒரு பாட்டைப் பலகையில் எழுதினேன். நற்றிணையின் 284ஆம் பாடல். நூல் பெயரும் சொல்லவில்லை, திணை துறையும் சொல்லவில்லை. அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதினேன். பொருள் தேடி வெளியூர் போனவன் பேசுகிறான். வீட்டுக்குப் போ, அவள் துயரைத் தீர் என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இழிவு, பொறு என்கிறது அறிவு. நடுவில் அவன் உடம்பு, இரண்டு யானைகள் இரு பக்கமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல இருக்கிறது.

எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் நான் பேசுவதற்காகக் காத்திருந்தது. நான் பேசவில்லை. ஒரு பெண், “ஏன் ஐயா பழைய கயிறு? புதுக்கயிறுன்னா என்ன?” என்றாள். இன்னொருத்தி அவளுக்கு விடை சொன்னாள். “புதுசுன்னா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்டி. இவன் ரொம்ப நாளா இழுபடுறான்.” திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் வரும் அப்பாவைப் பற்றி ஒருவன் சொன்னான். அறிவு சொல்வதுதான் சரி, கடன் இருக்கிறதே என்றான் அவன். அப்படியென்றால் கடைசி வரை வரவே முடியாதா என்று பின்வரிசையில் சண்டைக்கு வந்தார்கள். அணி என்ன, எந்த உவமை உருபு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த உவமையைத் தவிர வேறு எதையும் பற்றி அவர்கள் பேசவும் இல்லை.

மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“ஐயா, ரெண்டு யானையும் தானா இழுக்குதா? யாரோ ஓட்டுறாங்களா?”

அந்தப் பாட்டை எனக்கு 30 வருடமாகத் தெரியும். கல்லூரியில் படித்தேன், ஆசிரியர் தேர்வுக்கு எழுதினேன், கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. தெரியலப்பா, நீயே யோசிச்சுச் சொல்லு என்றேன். கயிற்றைத் தேய வைத்தவன் யானை மேல் உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதற்குள் மணியடித்தது. அடுத்தது கணக்கு. கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நின்றுவிட்டார். பலகையை அழிக்கத் துணியைக் கையில் எடுத்தேன். “ஐயா, அழிக்காதீங்க, எழுதிக்கிறோம்” என்றார்கள்.